வேஷத்துக்கு உள்ளே இருந்தவர்கள்

முதல் நாள்: 2023 மார்ச் 3, வெள்ளி. கொழும்பு – கண்டி

இந்தப் பயணத்துக்குக் காரணம் இரண்டு சாவு. ஒன்று என் தாய்மாமா. போன கார்த்திகையில் நெஞ்சுச் சளியில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. இன்னொருவர் ரிக்கோ பிரவுனிங். போன திங்கட்கிழமை, பெப்ரவரி 27இல், அமெரிக்காவில் புளோரிடாவில் தன் 93ஆவது வயதில் போய்ச் சேர்ந்தார். மாமா மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவர், சிவன் மன்மதனை எரிக்கும் கதையை ஆடுகிற காமன் கூத்தில் இருபத்தாறு வருஷம் எமன் வேஷம் கட்டியவர். பிரவுனிங் 1954இல் வந்த 'கிரீச்சர் ஃப்ரம் த பிளாக் லகூன்' என்ற கறுப்பு வெள்ளைப் படத்தில், கறுப்புக் கடற்கழிக்குள் வாழும் செவுள் மனிதனாகத் தண்ணீருக்கு அடியில் நீந்தியவர். இவரை அவருக்குத் தெரியாது, அவரை இவருக்குப் பெயரளவில்கூடத் தெரியாது. ஆனால் என் மனசில் இரண்டு பேரும் ஒரே திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், ஏன் என்று சொல்கிறேன்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது திருவிழாவுக்கு டவுனிலிருந்து டிவியும் வீடியோ டெக்கும் ஜெனரேட்டரும் வாடகைக்கு எடுத்து வந்தார்கள். தொழிலாளர்கள் வரிசையாக இருக்கிற லயத்துக் காம்பராக்களுக்கு அப்போது கரண்ட் கிடையாது. மூன்று தமிழ்ப் படம் ஓடி முடிந்த பிறகு, விடிய இன்னும் நேரம் இருக்கிறதே என்று பெட்டியில் கிடந்த நாலாவது கசெட்டைப் போட்டார்கள். என்ன பாஷை என்றுகூட யாருக்கும் புரியவில்லை. மேலே ஒரு பெண் நீந்துகிறாள், அவளுக்குக் கீழே, அவளைத் தொடாமல், அவள் திரும்புகிற பக்கமெல்லாம் திரும்பிக்கொண்டு அந்த ஜந்து மல்லாந்து நீந்துகிறது. நான் மாமாவின் கம்பளிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அவர் என்னைப் பிடித்துத் திருப்பி, "நல்லா பாரு புள்ள, உள்ளுக்கு ஒரு ஆளு இருக்கான், மூச்சப் புடிச்சிக்கிட்டு இருக்கான்" என்றார்.

அதன் பிறகு எந்தப் பேய்ப் படம் பார்த்தாலும் எனக்கு முதலில் தெரிவது உள்ளே இருக்கும் ஆள்தான். அவர்கள் பெயரைத் தேடித் தேடிப் படிப்பேன், அவர்கள் சாகும் செய்தி வரும்போதெல்லாம் வீட்டில் ஒரு விளக்கு ஏற்றுவேன். இந்த வருஷம் வீட்டில் ஏற்ற மனசு வரவில்லை. திங்கட்கிழமை பௌர்ணமி, தோட்டத்தில் காமன் எரிக்கிற நாள், மாமா இல்லாத முதல் கூத்து. அதனால் லீவு போட்டுவிட்டு ஏறிவிட்டேன்.

ரம்புக்கனை தாண்டியதும் ரயில் மூச்சு வாங்க ஆரம்பித்தது, கடுகண்ணாவை வந்ததும் காதில் ஒரு குளிர். மதியம் கண்டி. சாப்பிட்டுவிட்டு திகனப் பக்கம் பஸ், அங்கிருந்து ஆட்டோ. விக்டோரியா அணையைப் பார்க்கத்தான். இந்த அணையைக் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், 1983இல், இதற்குப் பக்கத்துப் பள்ளத்தாக்கில்தான் ஹாலிவுட்காரர்கள் 'இந்தியானா ஜோன்ஸ் அண்ட் த டெம்பிள் ஆஃப் டூம்' படத்துக்காக ஒரு தொங்கு பாலத்தைக் கட்டி அறுத்தார்கள். அணை வேலைக்கு வந்த பொறியாளர்களின் உதவியோடு கம்பிவடம் இழுத்துக் கட்டிய பாலம். அறுபட்டபோது ஆற்றில் விழுந்தவர்கள் ஆட்கள் இல்லை, கைகால் உதறும்படி உள்ளே மோட்டார் வைத்த பொம்மைகள். ஆட்டோக்காரத் தம்பிக்கு அந்தப் படம் நன்றாகத் தெரிந்திருந்தது. "நெஞ்சுக்குள்ள கைய விட்டு இதயத்த எடுப்பானே, அந்த மொட்டத் தலையா அக்கா?" என்றார்.

அந்த மொட்டைத் தலை அம்ரிஷ் பூரி. அந்தப் பூசாரி வேஷத்துக்காகத்தான் தலையை மழித்தார், அப்புறம் அதையே தன் அடையாளமாக வைத்துக்கொண்டார். நம் ஆட்களுக்கு 'தளபதி' படத்தில் பார்த்த முகம். நாற்பது வயதை ஒட்டும்வரை தொழிலாளர் காப்புறுதி அலுவலகத்தில் கிளார்க்காக இருந்துகொண்டே மாலையில் நாடகம் போட்டவர் அவர். பகலில் ஒரு வேலை, இரவில் ஒரு வேஷம் என்று இருந்தவர்கள் மேல் எனக்கு எப்போதும் கூடுதல் பாசம். 2005 ஜனவரி 12இல் போனார். அணைச் சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்துக் கும்பிட்டேன். தம்பி ஒன்றும் கேட்கவில்லை, என்ஜினை நிறுத்திவிட்டுத் தானும் இறங்கி நின்றார். அவருக்கு இந்தக் கிழமைக்கான பெட்ரோல் கோட்டா அநேகமாக முடிந்திருந்தது, அப்படியும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

இரண்டாம் நாள்: மார்ச் 4, சனி. கண்டி – ஹற்றன்

இன்று முழுக்க கார்லோஃப் நாள்.

கண்டியில் ஏறி நாவலப்பிட்டிவரை நின்றுகொண்டேதான் வந்தேன். பக்கத்தில் ஒரு பாட்டி மடியில் பேரனை வைத்துக்கொண்டு, "அழாத, அந்தா பூச்சாண்டி வர்றான்" என்று கதவுப் பக்கம் காட்டினார். கதவோரம் நின்றவர் பாவம், ஆறடிக்கு மேல் உயரம், கைகள் இரண்டும் எங்கே வைப்பது என்று தெரியாமல் தொங்கிக்கொண்டிருந்தன. அவர் பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார். பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு வந்தது.

போரிஸ் கார்லோஃப் என்பது அவர் வைத்துக்கொண்ட பெயர். பிறந்தபோது வில்லியம் ஹென்றி பிராட், 1887, லண்டன். அப்பா இந்தியாவில் உப்பு வரி வேலை பார்த்தவர், குடும்பத்தில் இந்திய ரத்தமும் கலந்திருந்தது. கனடாவுக்குப் போய் அங்கிருந்து அமெரிக்கா, நாடகம், நாடகம் இல்லாத நாளில் மண் வெட்டுவது, லொறி ஓட்டுவது. 43 வயதில்தான் 'ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தில் அந்த விஞ்ஞானி செய்த மனிதப் பிண்டமாக நடிக்கக் கூப்பிட்டார்கள். ஜாக் பியர்ஸ் என்ற ஒப்பனைக்காரர் நாள்தோறும் நாலு மணி நேரம் உட்கார வைத்து அந்த முகத்தைக் கட்டுவார். கன்னம் ஒட்டித் தெரிவதற்காகக் கார்லோஃப் தன் பொய்ப்பல்லைக் கழற்றிவிட்டார். படத்தின் தொடக்கத்தில் நடிகர் பெயர்கள் வரும் இடத்தில் அவர் பெயர் இல்லை, ஒரு கேள்விக்குறி மட்டும்தான் போட்டார்கள். 1931இல் அது விளம்பரத்துக்காகச் செய்த காரியம் என்று தெரியும், என்றாலும் அந்தக் கேள்விக்குறியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும்.

அந்தப் படத்தில் ஏரிக்கரையில் பூப் பறிக்கும் ஒரு சின்னப் பெண் வருவாள். படப்பிடிப்புக்குக் கிளம்பும்போது எல்லாரும் அந்தக் கோலத்தைப் பார்த்து ஒதுங்கி நிற்க, அந்தப் பிள்ளை மட்டும் ஓடிப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அவர் காரிலேயே வருகிறேன் என்றதாம். மரிலின் ஹாரிஸ் அவள் பெயர். படம் வந்த பிறகு உலகமெங்கும் இருந்து பிள்ளைகள் கார்லோஃபுக்குக் கடிதம் எழுதினார்கள், பயந்து இல்லை, அந்த ஜீவனைப் பார்த்துப் பரிதாபப்பட்டு.

நான் இன்னும் அதிகமாக மதிப்பது வேறொன்று. அந்தக் கனமான பூட்ஸையும் உடுப்பையும் மாட்டிக்கொண்டு தொடர்ந்து இருபத்தைந்து மணி நேரம் வேலை வாங்கப்பட்ட நாளும் அவருக்கு இருந்தது. 1933இல் நடிகர்கள் சங்கம் தொடங்கியபோது முதல் வரிசையில் நின்றவர்களில் அவர் ஒருவர், அங்கத்தினர் இலக்கம் 9. சேர்ந்தால் வேலை போகும் என்று மற்றவர்கள் தயங்கிய காலம் அது. நான் தொழிற்சங்கச் சந்தா கட்டும் வீட்டில் வளர்ந்தவள். தோட்டத் தொழிலாளருக்கு ஆயிரம் ரூபாய் நாள் சம்பளம் அரச வர்த்தமானியில் வர 2021 ஆயிற்று, அதற்காக எத்தனை வருஷம் ரோட்டில் உட்கார்ந்தார்கள் என்பது இந்த ரயிலில் வருகிற பாதிப் பேருக்குத் தெரியும். கார்லோஃப் 1969 பெப்ரவரி 2இல் இறந்தார். நான் பிறப்பதற்கு முன்பே போனவர், ஆனாலும் வட்டவளைப் பக்கம் மேகம் ஜன்னலுக்குள் வந்தபோது அவருக்காகக் கண் கலங்கியது உண்மை.

ஹற்றனில் இறங்கியதும் மழைத் தூறல். சிவனொளிபாத மலைக்குப் போகிறவர்கள் கூட்டம் கூட்டமாக நல்லதண்ணி பஸ்ஸுக்கு நின்றார்கள். ரொட்டியும் கட்டசம்பலும் ஒரு பிளேன்டீயும். அவ்வளவுதான் இன்றைக்கு.

மூன்றாம் நாள்: மார்ச் 5, ஞாயிறு. மவுசாகலை

மஸ்கெலியா பஸ்ஸில் நீர்த்தேக்கத்துக்குப் பக்கத்தில் இறங்கிக்கொண்டேன். மவுசாகலைத் தண்ணீருக்கு அடியில் பழைய மஸ்கெலியா டவுன் இருக்கிறது. அறுபதுகளின் கடைசியில் அணை கட்டியபோது கடைத்தெரு, கோயில், விகாரை, பள்ளிவாசல் எல்லாம் உள்ளே போயின, டவுனை மேலே கொண்டுபோய்ப் புதிதாக வைத்தார்கள். கடும் வரட்சியில் தண்ணீர் வற்றினால் பழைய கோயில் தலைகாட்டும், ஊர் முழுக்கப் போய்ப் பார்த்துவிட்டு வரும். இன்று தெரியவில்லை. தண்ணீர் கரும்பச்சையாக அசையாமல் கிடந்தது.

பிரவுனிங்கை வழியனுப்ப இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

அவர் நடிகராக வந்தவர் இல்லை. புளோரிடாவில் வகுல்லா ஊற்று என்று கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீர் உள்ள ஓர் இடம், அதைப் படக்காரர்களுக்குச் சுற்றிக்காட்டப் போனவர். தண்ணீருக்குள் ஆள் இருந்தால் அளவு தெரியும், கொஞ்சம் நீந்திக் காட்டுங்கள் என்று கேமராக்காரர் கேட்க, நீந்திக் காட்டினார். அந்த நீச்சலுக்காகவே கூப்பிட்டுவிட்டார்கள். கரையில் நடக்கிற ஜந்து பென் சாப்மன், நல்ல உயரமான ஆள், 2008இல் போனார். தண்ணீருக்குள் இருப்பது பிரவுனிங். படத்தில் இரண்டு பேர் பெயருமே போடவில்லை. அந்த உருவத்தை வரைந்த மிலிசென்ட் பாட்ரிக் என்ற பெண்ணின் பெயரும் ரொம்ப காலம் மறைந்தே கிடந்தது.

காற்றுச் சிலிண்டர் கட்ட முடியாது. செவுளால் மூச்சு விடுகிற ஜந்து, முதுகில் குழாயோடு வந்தால் யார் நம்புவார்கள். அதனால் கேமராவுக்குத் தெரியாமல் பக்கத்தில் ஒரு காற்றுக் குழாய் வைத்திருப்பார்கள், ஓர் இழுப்பு இழுத்துவிட்டு அதை விட்டுவிட்டு அந்த ரப்பர் உடுப்போடு நீந்த வேண்டும், மூச்சு முட்டும்வரை. நாலு நிமிஷம்வரை பிடிப்பாராம். முகமூடியின் கண் துவாரம் வழியாகத் தண்ணீருக்குள் என்ன தெரியும்? மங்கலாக ஒரு வெளிச்சம் தெரிந்தால் பெரிய காரியம். அந்த நிலையில்தான் அந்தப் பெண்ணுக்குக் கீழே அவ்வளவு மென்மையாக நீந்தியிருக்கிறார். மேலே கரையில் நடித்தவர் ஜூலி ஆடம்ஸ், தண்ணீருக்குள் அவருக்குப் பதிலாக நீந்தியவர் ஜிஞ்சர் ஸ்டான்லி. ஜூலி 2019இல் போனார், ஜிஞ்சர் இந்த ஜனவரியில்தான். ஒன்றரை மாதத்துக்குள் அந்த நீச்சலின் இரண்டு பேரும் போய்விட்டார்கள். எனக்கு இந்த ஒரு விஷயம் இன்னும் ஆறவில்லை.

பிரவுனிங் மூன்று படத்திலும் அந்த வேஷம் போட்டார். அப்புறம் ஃபிளிப்பர் என்ற டால்பினை உலகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்தவர்களில் ஒருவராகவும் ஆனார். பழைய யூனிவர்சல் கம்பனிப் பூதங்களாக நடித்தவர்களில் கடைசியாக உயிரோடு இருந்தவர் அவர்தான், இனி அந்த வரிசையில் யாரும் இல்லை.

கற்பூரம் ஏற்றப் பார்த்தேன், காற்றில் நிற்கவில்லை. கொண்டுபோன செவ்வந்திப் பூவைத் தண்ணீரில் விட்டேன். கரையில் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்த அக்கா, "யாருக்கும்மா?" என்றார். நீச்சல்காரர் ஒருவருக்கு என்றேன். முங்கிச் செத்தவரா என்று கேட்டார். இல்லை, முங்கியே பிழைத்தவர் என்றேன். அவர் ஒரு நிமிஷம் துவைப்பதை நிறுத்திவிட்டுப் பூ போகிற பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னேரம் தோட்டம். அத்தை வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தார். கட்டிப்பிடித்து அழுது முடிக்க இருட்டிவிட்டது.

நான்காம் நாள்: மார்ச் 6, திங்கள், பௌர்ணமி. தோட்டம்

காலையில் அத்தை மாமாவின் தகரப் பெட்டியைத் திறந்தார். தகரத்தில் வெட்டிய கிரீடம், பாசக்கயிறு, கறுப்புக் கம்பளி. கம்பளியைத் தூக்கிப் பார்த்தேன், மூன்று பட்டை சேர்த்துத் தைத்தது, கை வலித்தது. மலையில் மழைக்குப் போர்த்துகிற அதே கம்பளிதான்.

உடனே நகஜிமா நினைவு வந்தது. ஹருவோ நகஜிமா, 1954 முதல் 1972 வரை பன்னிரண்டு ஜப்பான் படத்தில் காட்ஸில்லா என்ற ராட்சத ஜந்துவுக்குள் இருந்தவர். முதலில் செய்த உடுப்பு நூறு கிலோ அளவுக்குக் கனம், போட்டுக்கொண்டு சில அடிதான் நடக்க முடிந்ததாம். ஸ்டூடியோ விளக்குச் சூட்டில் உள்ளே வெந்து, கழற்றியதும் பனியனைப் பிழிந்தால் வியர்வை கொட்டும். நடை பழக டோக்கியோ மிருகக்காட்சிசாலையில் போய் யானையையும் கரடியையும் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கால் ஊன்றலில் நிஜமாகவே ஒரு யானையின் நிதானம் இருக்கும், பார்த்தவர்களுக்குத் தெரியும். 2017 ஆகஸ்ட் 7இல் 88 வயதில் இறந்தார். இதை அத்தையிடம் சொன்னேன். "ஒங்க மாமாவும் எரும மாட்டத்தான் பாத்துக்கிட்டு நிப்பாரு, பால்காரர் பட்டியில. எமன் ஏறி வர்றது எருமைதானேம்பாரு" என்றார். எனக்கு இது தெரியாது. இத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன், அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்து மெதுவாகத் திரும்புவது எங்கிருந்து வந்தது என்று யோசித்ததே இல்லை.

இந்த வருஷம் எமன் மச்சானின் மகன். இருபத்தொரு வயது, கொழும்பில் புடவைக்கடையில் நிற்கிறான், நாலு நாள் லீவில் வந்திருக்கிறான். கூத்து மாஸ்டர் கிழவர், கண் சரியாகத் தெரியாது, ஆனால் பாட்டு ஒரு வரி பிசகினால் தடியால் தரையில் தட்டுவார். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் நாள் காமன் ஊன்றியதிலிருந்து பொட்டலில் இதுதான் வேலை.

இரவு பத்து மணிக்குத் தப்பு மேளத்தைத் தீயில் காய்ச்சும் சத்தம். ரதி வேஷம் கட்டியது ஸ்டோரில் வேலை செய்யும் பையன், அழுதபோது லயத்துப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து அழுதார்கள். சிவன் தவம், மன்மதன் அம்பு, தூதன், எல்லாம் முறையாக வந்தன. வீரபத்திரனை நாலு பேர் கயிற்றில் பிடித்தும் நிற்கவில்லை, முன்வரிசை கலைந்து ஓடியது.

எமன் வருகிற நேரம் இரண்டு மணி தாண்டி. மாமாவின் வழக்கம் என்ன என்றால், அரை மணிக்கு முன்பே பொட்டலுக்கு மேலே தேயிலைக்குள் போய்ப் பனியில் அசையாமல் உட்கார்ந்துவிடுவார். தப்பு நிற்கும். ஒருவரும் பேச மாட்டார்கள். அவர் எந்தப் பக்கம் இருக்கிறார் என்று தெரியாமல் பிள்ளைகள் நாலு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்க்கும், அந்தப் பயம்தான் பெரியது, வந்த பிறகு அவ்வளவு இல்லை. இன்றும் தப்பு நின்றது. நான் மேலே பார்த்துக்கொண்டிருக்கிறேன், மச்சானின் மகன் கீழே தண்ணீர்ப் பீலிப் பக்கத்திலிருந்து வந்தான். என் முதுகுக்குப் பின்னால். தலை ஒரு பக்கம் சாய்ந்து, மெதுவாக. தீப்பந்தத்தில் முகம் கறுப்பு, கண் மட்டும் சிவப்பு. நாற்பத்திநாலு வயதில் நான் கத்திவிட்டேன், சத்தியமாகக் கத்தினேன், பக்கத்தில் இருந்த அத்தையின் கையைப் பிடித்து நெரித்துவிட்டேன். அத்தை அசையவில்லை. கும்பிட்ட கை கும்பிட்டபடி இருந்தது.

காமன் எரிந்து முடிய நிலா மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

ஐந்தாம் நாள்: மார்ச் 7, செவ்வாய். விடியற்காலை

மாமா கூத்து முடிந்ததும் வேஷத்தோடு வீட்டுக்கு வர மாட்டார். பீலிக்குப் போய், பிள்ளைகளைக் கூப்பிட்டு நிற்க வைத்து, அவர்கள் கண் முன்னால்தான் முகம் கழுவுவார். பிள்ளைகள் பார்க்கவேண்டும், இல்லாவிட்டால் ராத்திரியெல்லாம் கனவு காணும் என்பார். நானும் அப்படி நின்று பார்த்தவள்தான். கரி கரைந்து ஓட ஓட உள்ளேயிருந்து மாமா வருவார்.

இதை யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார்களா தெரியாது. போய்ப் பார்த்தேன், பீலியடியில் எட்டுப் பத்துப் பிள்ளைகள் கம்பளிக்குள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவன் தேங்காய் எண்ணெயைத் தேய்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான், குளிரில் பல் அடித்தது. ஒரு பொடியன் மட்டும் தள்ளி நின்றான். அவனைக் கூப்பிட்டுத் தண்ணீர் ஊற்றச் சொன்னான். பொடியன் ஊற்றினான்.

பிளேன்டீ குடிக்கும்போது அத்தையிடம் பிரவுனிங் கதையைச் சொன்னேன், அந்தக் கசெட், அந்த ராத்திரி, நாலு நிமிஷம். அத்தைக்கு அந்தப் படம் நன்றாக நினைவிருந்தது.

"அந்தப் படம் போட்டதுக்கு மறுநாளு, ராத்திரி படுத்துக்கிட்டு, நீ எண்ணுடின்னாரு. மூச்சப் புடிச்சிக்கிட்டாரு. நான் எண்ணுறேன். தெனம் இதே வேல, ஒரு மாசம். எனக்குத் தூக்கம் வருது, கொழுந்துக்குப் போகணும்னு சொன்னாலும் விடமாட்டாரு."

எவ்வளவு வரைக்கும் போனார் என்று கேட்டேன்.

"எம்பத்திமூணு."